கடினமான ஆட்டங்களை முடித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டார்க் சோல்ஸ், செகீரோ, எல்டன் ரிங் போன்ற வீடியோ கேம்களை இறுதிவரை ஆடி முடித்த அன்பர்களுக்கு,

பல பத்து மணி நேரத்தையும் கணக்கில் அடங்காத தோல்விகளையும் விலையாகக் கொடுத்தே முடிக்கக்கூடிய ஆட்டங்களை முடித்தவர்கள் என்ற முறையில் உங்களிடம் ஒரு நியாயமான பெருமை இருக்கிறது. அதைக் குறைத்துப் பேசுவது இம்மடலின் நோக்கமன்று. ஆனால் அந்தப் பெருமையோடு சேர்ந்து உங்களில் ஒரு சாராரிடம் ஒரு வழக்கமும் வேரூன்றிவிட்டது. புதிதாக ஆட வந்த ஒருவர் தன்னால் முடியவில்லை என்று சொன்னதும், ‘கிட் குட்’ என்ற இரண்டே சொற்களில், அதாவது ஒழுங்காக ஆடக் கற்றுக்கொண்டு வா என்ற பொருளில், அவரை வாசற்படியிலேயே நிறுத்திவிடுவதுதான் அந்த வழக்கம். இவ்வாட்டங்கள் ஏன் எரிச்சலூட்டுகின்றன, அந்த எரிச்சலிலிருந்தே எப்படி ஒரு நிறைவு பிறக்கிறது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்ந்தால், அந்தப் பதில் ஆட்டத்தின் அமைப்புக்கே ஒவ்வாதது என்பது விளங்கும் என்று இம்மடல் கருதுகிறது.

டோக்கியோவில் 1986இல் தொடங்கப்பட்ட ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் முதலில் அலுவலகங்களுக்கான மென்பொருள் செய்துவந்தது. அதன் முதல் ஆட்டமான கிங்ஸ் ஃபீல்ட் வெளிவந்தது 1994இல்தான். வேறொரு கணினி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஹிடெடாகா மியாசாகி, தம் 29ஆம் வயதில், 2004இல், அங்கு வந்து சேர்ந்தார். தேறாது என்று உள்ளேயே பலரும் கைவிட்டிருந்த ஒரு திட்டத்தை அவர் கேட்டு வாங்கி மாற்றியமைத்ததன் விளைவாகவே 2009இல் டீமன்ஸ் சோல்ஸ் உருவானது. ஜப்பானில் அதை வெளியிட்ட சோனியே மேற்கு நாடுகளில் வெளியிட முன்வராமல், அந்தப் பொறுப்பு வேறு நிறுவனங்களின் கைக்குப் போயிற்று. அதன் வழித்தோன்றலாக 2011இல் வந்த டார்க் சோல்ஸ் உலகெங்கும் பேசப்பட்டது. மறு ஆண்டு கணினிக்கு வந்த பதிப்புக்குச் சாகத் தயாராகு என்ற பொருள் தரும் துணைத்தலைப்பையே வைத்தார்கள். கடினம் என்பது குறையாகக் கருதப்பட்ட நிலை மாறி, விளம்பரச் சரக்காக ஆனது அப்போதுதான்.

இந்த ஆட்டத்தின் அடிப்படை விதி எளியது, இரக்கமற்றதும்கூட. வீழ்த்தப்படும் ஒவ்வொரு பகைவனும் ‘சோல்’ என்ற ஒன்றை, அதாவது ஓர் ஆன்மாவை, ஆடுபவருக்குத் தருகிறான்; பொருள் வாங்குவதற்கான பணமும் அதுவே, பாத்திரத்தின் வலிமையைக் கூட்டுவதற்கான முதலும் அதுவே. வழியில் ஆங்காங்கே ‘பான்ஃபயர்’ எனப்படும் தீமூட்டங்கள் இருக்கின்றன. அங்கு அமர்ந்து இளைப்பாறினால் உடல்நலமும் மருந்துக் குடுவையும் நிரம்பும், ஆனால் கொன்று தீர்த்த சாதாரணப் பகைவர்கள் அத்தனை பேரும் மறுபடி எழுந்துவிடுவார்கள். இறந்துவிட்டால், திரையில் ‘நீ இறந்தாய்’ என்ற சிவப்பு எழுத்துகள் தோன்ற, சேர்த்த ஆன்மாக்கள் எல்லாம் இறந்த இடத்திலேயே ஓர் அடையாளமாகக் கிடக்க, ஆடுபவர் வெறுங்கையோடு கடைசித் தீமூட்டத்தில் கண்விழிப்பார். விழுந்த இடத்துக்கு மீண்டும் உயிரோடு போய்ச் சேர்ந்தால் இழந்ததை அள்ளிக்கொள்ளலாம். வழியில் இன்னொரு முறை இறந்தால் அது என்றென்றைக்கும் போனதுதான். ஆக, ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் ஆடுபவரின் முன் நிற்பது புதிய தொடக்கம் அன்று, திருப்பி எடுக்க வேண்டிய ஒரு கடன். பொறுமை மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் பதற்றம் மிகுவது இதனால்தான்.

எரிச்சலின் கூறுகளைப் பிரித்துப் பார்க்க, அனோர் லோண்டோ என்ற நகரின் பெருமண்டபத்தில் காத்திருக்கும் ஆர்ன்ஸ்டீன், ஸ்மவ் என்ற இருவரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. ‘பாஸ்’ எனப்படும் பெரும்பகைவன், அதாவது ஒரு பகுதியின் முடிவில் வழிமறித்து நிற்கும் வலிய எதிரி, வழக்கமாக ஒருவனாகவே வருவான். இங்கே இருவர் ஒரே சமயத்தில் வருகிறார்கள். ஒருவன் மெலிந்தவன், ஈட்டியோடு மின்னலாய்ப் பாய்பவன். மற்றவன் பருத்தவன், சம்மட்டியோடு தூண்களையே நொறுக்கிக்கொண்டு வருபவன். ஒருவனைக் கவனித்தால் மற்றவன் முதுகில் அடிப்பான். இருவரில் ஒருவனைக் கொன்றுவிட்டால் எஞ்சியவன் இறந்தவனின் வலிமையையும் வாங்கிக்கொண்டு, நலம் முழுதும் மீண்டவனாக நிற்பான். முதல் சில முறை அரை நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. அந்தச் சாவுகள் உண்மையில் அவ்வளவாக நோகச் செய்வதில்லை. தெரியாத ஊரில் வழி தவறியதுபோல் அவை கடந்துபோகின்றன. நோகச் செய்வது பின்னால் வரும் சாவுகள். இரண்டாமவனுக்கு இன்னும் ஓர் அடிதான் பாக்கி என்ற நிலையில், விலகி நிற்க வேண்டிய கணத்தில் விலகாமல், முடித்துவிடலாம் என்ற நப்பாசையில் கூடுதலாக ஒரு வீச்சு வீசி, அந்த ஒரு வீச்சின் இடைவெளியில் அடிபட்டுச் சாவது இந்த ஆட்டங்களை ஆடிய ஒவ்வொருவருக்கும் தெரிந்த கதை. ஆட்டக்காரர்கள் இதைப் பேராசை என்றே சொல்கிறார்கள். அவர்கள் இட்ட பெயர்களில் இதைவிடத் துல்லியமானது வேறில்லை. கன்ட்ரோலர் சுவரை நோக்கிப் பறப்பது பெரும்பாலும் இந்தக் கணத்தில்தான், ஏனெனில் கோபப்படுவதற்கு அந்த அறையில் வேறு ஆளில்லை.

இங்கேதான் கடினமான ஆட்டத்துக்கும் அநியாயமான ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாடு தோன்றுகிறது. பரமபதத்தில் உச்சிக் கட்டத்தை நெருங்கியவரைப் பெரிய பாம்பு விழுங்கினால், பழியைத் தாயக்கட்டையின் மேல் போட்டுவிட்டு எழுந்துபோகலாம். ஆர்ன்ஸ்டீனிடம் தோற்றவருக்கு அந்த ஆறுதல் கிடையாது. அவன் பாய்வதற்கு முன் ஈட்டியைப் பின்னுக்கு இழுக்கிறான், ஸ்மவ் ஓங்குவதற்கு முன் தோளைத் திருப்புகிறான்; ஒவ்வோர் அடிக்கும் முன்னறிவிப்பு இருக்கிறது, அதைக் கண்டவர் தப்புகிறார். தோல்வியின் காரணத்தைப் படித்தறிய முடிவதுதான் இதன் நியாயம். பழைய ஆட்டங்களில் இந்த நியாயம் எப்போதும் இருந்ததில்லை. நாணயம் போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களின் காலத்தில், ஆடுபவர் நெடுநேரம் உயிரோடிருப்பது கடைக்காரருக்கு நட்டம். கேப்காம் 1985இல் வெளியிட்ட கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸில் வீரனின் கவசம் ஓர் அடியில் கழன்றுவிடும், அடுத்த அடியில் உயிர் போய்விடும். அத்தனையையும் தாண்டி முடிவை அடைந்தால், இதுவரை கண்டது மாயை என்று சொல்லி ஆட்டம் முழுவதையும் முதலிலிருந்து மறுபடி ஆடச் சொல்லும். ஜப்பானில் 1986இல் வந்த இரண்டாம் சூப்பர் மரியோ பிரதர்ஸில், முன்னோக்கிக் கொண்டுபோக வேண்டிய குறுக்குவழிகளுள் சில ஆடுபவரைப் பின்னோக்கித் தள்ளிவிட்டன. அது மிகக் கடினம் என்று கருதப்பட்டு அமெரிக்காவில் அப்போது வெளியிடப்படவில்லை, 1993இல்தான் வேறு பெயரில் அங்கே போய்ச் சேர்ந்தது. டார்க் சோல்ஸும் இக்குறையிலிருந்து முற்றிலும் தப்பியதில்லை. பெட் ஆஃப் கேயாஸ் என்ற பாஸின் அறையில் காலடித் தரை திடீரென இடிந்து ஆடுபவர் படுகுழியில் விழும்போது, அதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை என்பதை இவ்வாட்டத்தின் மிகத் தீவிரமான அன்பர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஆட்டவியல் அறிஞர் யெஸ்பர் யூல், 2013இல் வெளியான தோல்விக் கலை பற்றிய தம் நூலில் இந்த விந்தையை நேராக எதிர்கொள்கிறார். மனிதர்கள் பொதுவாகத் தோல்வியைத் தவிர்க்கவே விரும்புகிறார்கள். ஆட்டங்களில் தோல்வி நிச்சயம். இருந்தும் அவற்றை வலியத் தேடிப் போகிறார்கள். அவர் தரும் விளக்கத்தின் சாரம், ஆட்டம் முதலில் ஆடுபவரிடம் அதுவரை இல்லாத ஒரு போதாமையை உண்டாக்குகிறது, பிறகு அதை நீக்கிக்கொள்ளும் வாய்ப்பையும் தானே தருகிறது என்பதாகும். புண்ணை உண்டாக்கியவரே மருந்தும் விற்பதைப் போன்ற இந்த ஏற்பாட்டைச் சூழ்ச்சி என்று தள்ளிவிட முடியாது, ஏனெனில் மருந்து வேலை செய்கிறது. திறமையும் சவாலும் ஒத்துப்போகும்போது மனம் செயலில் முழுதாகக் கரைந்துவிடும் நிலையை ‘ஃப்ளோ’ என்று பெயரிட்டு விளக்கிய உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயியின் கோட்பாடும் இங்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவதுண்டு. ஆயினும் அது பாதி உண்மையைத்தான் சொல்கிறது. இவ்வாட்டங்களில் சவால் திறமையைவிட நெடுநேரம் மிஞ்சியே நிற்கிறது. கரைந்துபோகும் அந்த நிலை கடைசி முயற்சியின் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மட்டுமே வாய்க்கிறது.

அந்தக் கடைசி முயற்சியில் மாறியிருப்பது எது என்று பார்ப்பதற்கு 2019 மார்ச்சில் வெளிவந்த செகீரோ பொருத்தமானது. டார்க் சோல்ஸில் முடியாதவர் வேறிடம் சென்று ஆன்மாக்களைச் சேர்த்துப் பாத்திரத்தை வலுவாக்கிக்கொண்டு திரும்பலாம். செகீரோவில் அந்த வழி ஏறத்தாழ அடைக்கப்பட்டிருக்கிறது. பகைவனின் வாள் வந்து படும் சரியான கணத்தில் தன் வாளை உயர்த்தி அதைத் தட்டிவிட வேண்டும். அப்படித் தட்டத் தட்ட அவனுடைய நிலை தளர்ந்து, முழுதும் குலைந்ததும் ஒரே குத்தில் வீழ்த்தலாம். ஆஷினா கோட்டையின் உச்சியில் கெனிச்சிரோ என்பவனை எதிர்கொள்ளும்போதுதான் இந்தப் பாடம் உறைக்கிறது. டார்க் சோல்ஸில் உயிரைக் காத்த பழக்கம், உருண்டு விலகி ஓடும் பழக்கம், இங்கே உயிரை வாங்குகிறது. முந்தைய ஆட்டங்களில் தேர்ந்தவர்களே அந்த மேல்மாடத்தில் கைவராத புதியவர்களாக நின்றார்கள் என்பதை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பல மணி நேரத்துக்குப் பின் அவன் வீழும்போது, திரையிலுள்ள பாத்திரம் முதல் முயற்சியில் இருந்ததைப் போலவேதான் இருக்கிறது. மாறியிருப்பவை ஆடுபவரின் கண்ணும் கையும். புதிரான ஓசைகளாகக் கேட்ட வாள்மோதல், தாளமாகக் கேட்கத் தொடங்கியிருக்கும். இந்த நிறைவு பொய்யானதன்று. எவராலும் பரிசாகக் கொடுக்க முடியாத ஒன்று கைக்கு வந்து சேர்ந்ததன் மகிழ்ச்சி அது.

ஆனால் அது எவர் துணையும் இன்றித் தனியாக ஈட்டப்பட்டதா என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. டீமன்ஸ் சோல்ஸின் இணைய அமைப்புக்கு எது தூண்டுதல் என்பதை மியாசாகி ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். பனி கொட்டிய ஒரு மேட்டுச் சாலையில் கார்கள் ஏற முடியாமல் வழுக்கி நின்றன. பின்னால் வந்த கார் முன்னால் நின்ற காரை முட்டித் தள்ள, அப்படி ஒன்றையொன்று தள்ளி மேட்டைக் கடந்தன. அவரும் அவ்வாறே மேலேறினார். தள்ளிவிட்டவருக்கு நன்றி சொல்ல இறங்கினால் மறுபடியும் வண்டி சிக்கிக்கொள்ளும் என்பதால் நிற்காமல் போக வேண்டியதாயிற்று. வரிசையின் கடைசியில் இருந்தவர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்ற எண்ணம் அவரை விடவில்லை. முகம் தெரியாதவர்களின் இந்தக் கைமாறு கருதாத உதவியே ஆட்டத்தில் தரைமேல் எழுதப்படும் குறிப்புகளாயிற்று. ஆடுபவர் தம் விருப்பம்போல் எழுத முடியாது. தரப்பட்ட சொற்களைக் கோத்து, முன்னே பதுங்கியிருப்பவன் உண்டு என்பது போன்ற ஒரு குறிப்பை விட்டுச்செல்லலாம், அது வேறொருவரின் உலகில் தெரியும். பிறர் இறந்த இடத்திலுள்ள இரத்தக்கறையைத் தொட்டால் அவருடைய கடைசி நொடிகள் நிழலுருவாக நிகழ்ந்து காட்டும். பாதாளத்தின் விளிம்பில் நின்று, குதித்துப் பார் என்று எழுதிவைக்கும் குறும்பர்களும் உண்டு. உதவி உள்ள இடத்தில் குறும்பும் வரத்தான் செய்யும். கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று: டீமன்ஸ் சோல்ஸிலும் எல்டன் ரிங்கிலும், எழுதியவரின் குறிப்பு பயன்பட்டதாக யாரேனும் மெச்சினால், எங்கோ போராடிக்கொண்டிருக்கும் எழுதியவரின் உடல்நலம் அக்கணமே கூடும்.

ஆட்டத்தை வடிவமைத்தவர்களின் மறைமுக உதவி இதைவிடப் பெரியது, கண்ணுக்குத் தெரியாதது. உருண்டு விலகும்போது சிறு நேரத்துக்கு எந்த அடியும் படாது என்று டார்க் சோல்ஸில் ஏற்பாடு இருக்கிறது. விலகினேன் என்று ஆடுபவர் நம்பும் பல தருணங்களில் வாள் உண்மையில் அவர் உடலுக்குள் புகுந்தே போயிருக்கும். எல்டன் ரிங்கில் பெரும்பகைவர் பலரின் வாசலருகிலேயே மீண்டும் எழுவதற்கான தூண்கள் நடப்பட்டுள்ளன. செகீரோவிலோ ஹன்பே என்ற ஒருவன் பாழடைந்த கோயிலின் முற்றத்தில் நிற்கிறான். சாக முடியாத சாபம் பெற்ற அவன், தன்னை வெட்டிப் பழகிக்கொள்ளும்படி ஆடுபவரை அழைக்கிறான். இரக்கமற்றது என்று பேரெடுத்த ஆட்டம், கற்பதற்காகவே ஒருவனை ஓயாமல் வெட்டுப்பட வைத்திருக்கிறது. மேடி தோர்சன், நோயல் பெர்ரி ஆகியோர் 2018இல் வெளியிட்ட செலஸ்ட் என்ற மலையேற்ற ஆட்டத்தில் இந்தப் பரிவு இன்னும் நுண்மையானது. பாறை விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் பட்ட பிறகும் ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி வரை குதிப்பு செல்லுபடியாகும். கார்ட்டூனில் மலைமுகட்டைத் தாண்டி ஓடியும் கீழே பார்க்கும் வரை விழாத, கயோட்டி என்னும் ஓநாயின விலங்கின் நினைவாக இதைக் ‘கயோட்டி டைம்’ என்கிறார்கள். தலை ஒரு மூலையில் லேசாக இடித்தால் ஆட்டமே பாத்திரத்தைச் சற்று ஒதுக்கி மேலே விடும். சுருங்கச் சொன்னால், தாமதமாகப் பட்டனை அழுத்தியவர்தாம் சரியான நேரத்தில் அழுத்தியதாக எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறார். உறியடி விழாவில் வழுக்குமரத்தின் உச்சியைத் தொட்டவனை ஊரே பார்க்கிறது. அவன் மிதித்து ஏறிய தோள்கள் யாருடையவை என்று அவனுக்காவது நினைவிருக்க வேண்டும்.

செகீரோ வெளிவந்தபோது எழுந்த விவாதத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்ப்பது நல்லது. கடினத்தைக் குறைக்கும் எளிய நிலை ஒன்று வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்களில் கைவிரல்கள் வேகமாக இயங்காதவர்களும் பார்வைக் குறைபாடு உடையவர்களும் இருந்தார்கள். உங்களில் பலர் அதைத் தகுதியற்றவர்களின் முறையீடாக எடுத்துக்கொண்டீர்கள். எல்லோரும் ஒரே தடையை எதிர்கொண்டால்தான் அதைப் பற்றி ஒரே தளத்தில் பேச முடியும், வென்ற மகிழ்ச்சியையும் பகிர்ந்துகொள்ள முடியும் என்ற மியாசாகியின் நிலைப்பாட்டில் உண்மை இருக்கிறது. கெனிச்சிரோவைப் பற்றி இருவர் பேசும்போது அது ஒரே கெனிச்சிரோவாக இருப்பதில் ஒரு மதிப்பு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வடிவமைப்பாளர் தம் கலைக்காக எடுத்த முடிவை, ஆடியவர் பிறரை இகழ்வதற்கான உரிமையாக மாற்றிக்கொள்வது வேறு. மேலும், ஒரே தடை என்பது எல்லாருக்கும் ஒரே அளவான தடையன்று. பத்து விரல்களும் தடையின்றி இயங்குபவருக்கும் ஒரு கையால் மட்டுமே ஆடுபவருக்கும் அதே வாள்வீச்சு வெவ்வேறு உயரத்துச் சுவர்களாக நிற்கிறது. மைக்ரோசாஃப்ட் 2018இல் வெளியிட்ட தகவமைப்புக் கன்ட்ரோலரில் இரண்டு பெரிய பட்டன்களும், அவரவர் உடலுக்கேற்ற கருவிகளைச் செருகிக்கொள்ள 19 துளைகளும் இருப்பது அந்த உயர வேறுபாட்டை ஒப்புக்கொண்டதால்தான்.

செலஸ்ட் வேறொரு பாதையைக் காட்டியது. அதன் துணைநிலையில் ஆட்டத்தின் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம், களைப்பில்லாமல் ஏறலாம், சாகாமலும் இருக்கலாம். எந்த உதவியும் இன்றி மலையேறியவர்களின் வெற்றி இதனால் ஒரு குன்றுமணி அளவும் குறையவில்லை. கடினத்துக்காகப் புகழப்படும் ஆட்டங்களின் வரிசையில் செலஸ்ட் இன்றும் இருக்கிறது. அந்தத் துணைநிலையை அறிமுகப்படுத்தும் வாசகம் முதலில் சற்று மன்னிப்புக் கேட்கும் தொனியில், உரிய முறையில் ஆடுவதே நல்லது என்பதுபோல் அமைந்திருந்தது; உதவி தேவைப்பட்டவர்களை அது புண்படுத்தியதாகத் தெரிந்ததும் அதை உருவாக்கியவர்களே திருத்தினார்கள். சில வாக்கியங்களை மாற்றுவது அவ்வளவு பெரிய காரியமா என்று கேட்கலாம். வாசலில் எழுதியிருப்பதைப் படித்துத்தான் ஒருவர் உள்ளே வருவதா, திரும்பிப் போவதா என்று முடிவெடுக்கிறார்.

எனவே உங்களிடம் இம்மடல் கேட்பது சிறியது. அனோர் லோண்டோவின் மண்டபத்தில் சிக்கி, இருபதாவது முறையாகச் செத்துவிட்டேன் என்று சொல்கிறவரிடம், தூண்களை இருவருக்கும் இடையே வைத்துக்கொள், ஈட்டிக்காரன் முன்னே ஓடிவரும்போது மற்றவன் பின்தங்குவான், அந்த இடைவெளியில் அடி என்று சொல்லுங்கள். அது அவருக்காக விளையாடிக் கொடுப்பதாகாது. கை அவருடையதுதான், சாவும் அவருடையதுதான். நப்பாசையால் அவர் இன்னும் பலமுறை விழுவார். எளிய நிலையில் ஆடி முடித்தேன் என்பவரிடம், எந்த இடம் பிடித்திருந்தது என்று மட்டும் கேளுங்கள்.

டார்க் சோல்ஸில் பிறருக்கு உதவ விரும்புபவர் தம் அடையாளத்தைத் தரையில் எழுதிவைப்பதற்கு ஒரு வெள்ளைச் சோப்புக்கல் இருக்கிறது. ஆட்டத்தின் தொடக்கப் பகுதியில், ஒரு பாலத்துக்கு அருகே சூரியனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சொலேர் என்ற வீரன், பேச்சுக்கொடுப்பவருக்கு அதைத் தருகிறான். அதற்கு அவன் விலை எதுவும் கேட்பதில்லை. அதை வாங்கிக்கொண்டுதான் நீங்கள் எல்லோரும் மேலே போயிருக்கிறீர்கள்.